மேனுவல் காருக்கு பேடில் ஷிஃப்டர்: முதன்முதலாக இறங்குபவர்களுக்கு

ஸ்டீயரிங்குக்குப் பின்னால், விரலால் இழுத்துக் கியர் மாற்ற இருக்கும் பேடில் வெறும் சுவிட்ச்தான். இதை முதலிலேயே மனசில் வாங்கிக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம். "எல்லாக் காருக்கும் பொருந்தும்" என்று ஆன்லைனில் விற்கும் அலுமினியத் தகடுகளில் பெரும்பாலானவை, ஏற்கெனவே பேடில் உள்ள ஆட்டோமேட்டிக் காரில் அந்தப் பேடிலின் மேல் ஒட்டிக்கொள்ளும் நீட்டிப்புகள். மேனுவல் காரில் ஒட்டினால் விரலுக்குப் பிடிமானம் கிடைக்கும், கியர் மாறாது. கியரை மாற்றும் வேலை பானட்டுக்குள், கியர்பாக்ஸ் பக்கத்தில் நடக்கிறது. பேடில் கடைசியாக வாங்க வேண்டிய சாமான்.

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வேலையில் ஒரு வசதி உண்டு. மில்லும் பனியன் கம்பெனியும் பம்ப் தொழிலும் இருப்பதால், ஏர் சிலிண்டர், சோலினாய்டு வால்வு (கரண்டில் திறந்து மூடும் காற்று வால்வு), அழுத்தத்தைக் குறைத்து வைக்கும் ரெகுலேட்டர், பி.யூ. டியூப் (பிளாஸ்டிக் காற்றுக் குழாய்) எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். கணபதியிலும் பீளமேட்டிலும் உள்ள லேத்துப் பட்டறைகளில் ஒரேயொரு பிராக்கெட் வேண்டுமென்றாலும் செய்து தருவார்கள். வெளிநாட்டிலிருந்து கிட் வரவழைக்காமல் உள்ளூர்ச் சாமானை வைத்தே செய்யும் வழியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

உங்கள் கியர்பாக்ஸ் எந்த வகை?

பைக் இன்ஜின் வைத்த ரேஸ் கார், அல்லது சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ் உள்ள வண்டி என்றால் வேலை சுலபம். அதில் லீவர் முன்னும் பின்னும் மட்டுமே போகும், கியர்கள் வரிசையாக விழும். ஒரே ஒரு சிலிண்டர் போதும். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு வரும் காலேஜ் பசங்களின் கார்களில் இப்படி ஏர் சிலிண்டர் வைத்துக் கியர் மாற்றுவதைப் பார்க்கலாம். நேரம் கிடைத்தால் ஒரு தடவை போய்ப் பாருங்கள். வீடியோவில் தெரியாத பல விஷயம் நேரில் தெரியும்.

ஏ.எம்.டி. காரோ (மேனுவல் கியர்பாக்ஸிலேயே கிளச்சும் கியரும் தானாக இயங்கும் வகை), ப்ளஸ்-மைனஸ் கேட் உள்ள ஆட்டோமேட்டிக்கோ என்றால், லீவரில் உள்ள ப்ளஸ்-மைனஸ் சுவிட்சுக்கு இணையாகப் பேடில் சுவிட்சை இணைப்பதுதான் வேலை. சில லீவர்கள் சிக்னலை எர்த்துக்கு இறக்கும், சில ஒவ்வொரு நிலைக்கும் வேறு வேறு வோல்டேஜ் கொடுக்கும், சில கம்ப்யூட்டர் லைனில் செய்தியாக அனுப்பும். மீட்டரும் அந்த வண்டியின் வயரிங் படமும் இல்லாமல் கை வைக்காதீர்கள். விரலால் கியர் மாற்றும் சுகம் மட்டும்தான் வேண்டும் என்றால் இந்த வழியோடு நின்றுகொள்வது நல்லது. 2014-இல் செலெரியோவோடு ஏ.எம்.டி. நம் ஊருக்கு வந்ததிலிருந்து, பழைய வண்டிச் சந்தையிலும் இப்படிப்பட்ட கார்கள் நிறைய இருக்கின்றன.

மீதி எல்லாம் நாம் தினமும் ஓட்டும் ஹெச் பேட்டர்ன் மேனுவல். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. இதில் லீவருக்கு இரண்டு வேலை. இடம்-வலமாக நகர்ந்து எந்தத் தடம் என்று தேர்ந்தெடுக்கிறது, முன்-பின்னாக நகர்ந்து கியரைப் போடுகிறது. இப்போதைய முன்சக்கர வண்டிகளில் பெரும்பாலும் இதற்கு இரண்டு கேபிள் இருக்கும். மாருதி 800 போன்ற பழைய வண்டிகளில் ஒரே ராடு நீளவாக்கில் நகரவும் செய்யும், திருகவும் செய்யும். முதன்முதலாகச் செய்பவர்கள் இரண்டு கேபிள் வண்டியையே எடுங்கள். இரண்டு அசைவும் தனித்தனியாகக் கைக்கு வந்துவிடும்.

எங்கே ஓட்டப் போகிறீர்கள்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் கிடைக்கலாம். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால் கிளெய்ம் சமயத்தில் சிக்கல். ஆகவே இதை வீட்டுக் காரில் செய்ய வேண்டாம். டிராக்குக்கு மட்டும் என்று ஒதுக்கிய பழைய வண்டியில் செய்யுங்கள். நீலம்பூர் பைபாஸும் திம்பம் மலையும் சோதனைக்கான இடம் கிடையாது. சொந்தத் தோட்டத்துக் களம், பிறகு டிராக், அவ்வளவுதான். கை கால் இயலாதவர்களுக்காக வண்டியை மாற்றுவது வேறு வழி. அதற்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுக்கொள்ளுங்கள்.

அளவெடுப்பது

லீவரைக் கழற்றுவதற்கு முன்பு, கேபிள் கியர்பாக்ஸில் சேரும் இடத்தில் அளவெடுங்கள். நியூட்ரலில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு, முதல் கியரில் ஒரு கோடு, இரண்டாம் கியரில் ஒரு கோடு. இடைவெளியை வெர்னியரில் பாருங்கள். தடம் தேர்வு செய்யும் கேபிளுக்கும் இதே மாதிரி. ஐந்து கியரையும் ரிவர்ஸையும் நோட்டில் படமாகப் போட்டு, ரிவர்ஸ் எங்கே இருக்கிறது என்று சிவப்பில் குறியுங்கள். சில வண்டியில் ஐந்தாவதுக்கு நேர் எதிரே, சிலதில் முதல் கியருக்குப் பக்கத்தில்.

அடுத்து விசை. பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசை கியர்பாக்ஸ் பக்கத்து லீவரில் மாட்டி மெதுவாக இழுத்து, கியர் விழும்போது எத்தனை கிலோ காட்டுகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். கியர் குமிழில் லேசாகத் தோன்றும் விசை இங்கே சில மடங்கு கூடுதலாக இருக்கும். இந்த எண் இல்லாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் கையில் இருக்கும் சிலிண்டரைத்தான் வாங்கி வருவீர்கள்.

சிலிண்டர் கணக்கு எளிது. 25 மில்லிமீட்டர் துளை உள்ள சிலிண்டர் 6 பார் (காற்றழுத்த அளவு) காற்றில் தள்ளும்போது சுமார் 30 கிலோ விசை தரும். இழுக்கும்போது ராடின் தடிமன் போக 25 கிலோ. 32 மில்லிமீட்டர் என்றால் 49 கிலோ. பெரிசாக இருந்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம். கியர்பாக்ஸுக்குள் கியரை நகர்த்தும் ஃபோர்க் அந்த அடியைத் தாங்காது. தராசு காட்டியதைப் போல ஒன்றரை மடங்கு போதும். மீதியை ரெகுலேட்டரில் குறைத்து வைத்துக்கொள்ளலாம்.

நியூட்ரலில் நிறுத்துவது

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இரண்டாம் கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போக வேண்டும். லீவர் முதலில் நியூட்ரலுக்கு வந்து, பக்கத்துத் தடத்துக்கு நகர்ந்து, பிறகு முன்னே போக வேண்டும். சாதாரண ஏர் சிலிண்டருக்கு இரண்டே இடம் தெரியும்: முழுக்க உள்ளே, முழுக்க வெளியே. இரண்டாவதிலிருந்து அதைத் தள்ளினால் நியூட்ரலில் நிற்காது, நேராகத் தாண்டிப் போய் முதல் கியரில் விழும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். டயர் சுற்றளவு 1.8 மீட்டர், டிஃபரன்ஷியலில் உள்ள கடைசி விகிதம் 4.1, முதல் கியர் விகிதம் 3.5 என்று வையுங்கள். கிளச்சை விட்ட நொடியில் இன்ஜினை நிமிடத்துக்கு 10,600 சுற்றுக்கு மேல் சுற்றவைக்கும். அந்த இன்ஜினின் எல்லையே 6,000 சொச்சம்தான். வால்வு பிஸ்டனில் இடிக்கும், இன்ஜின் அத்தோடு முடிந்தது.

இதற்கு வழி, ஒரே அளவுள்ள இரண்டு சிலிண்டர்களை முதுகோடு முதுகாகப் போல்ட் போட்டுச் சேர்ப்பது. ஒன்றின் ராடு பிராக்கெட்டில் அசையாமல் இருக்கும், மற்றதன் ராடு கேபிளை இழுக்கும். இரண்டும் உள்ளே என்றால் இரண்டாம் கியர். ஒன்று மட்டும் வெளியே என்றால் நியூட்ரல். இரண்டும் வெளியே என்றால் முதல் கியர். நடு இடம் இரும்பிலேயே கிடைத்துவிடுவதால் எந்தப் புரோகிராமையும் நம்ப வேண்டியதில்லை. சிலிண்டர் உடலே நகரும் என்பதால் டியூபைக் கொஞ்சம் தொய்வாக விடுங்கள். சிலிண்டர் கடையில் 10, 15, 20 மில்லிமீட்டர் என்ற கணக்கில்தான் வரும். உங்கள் அளவு 13 என்றால், லீவரில் கேபிள் மாட்டும் துளையை மேலே கீழே மாற்றிச் சரிசெய்யுங்கள்.

தடம் தேர்வுக்கு ஒரு சிலிண்டர் போதும். பெரும்பாலான ஐந்து கியர் பெட்டிகளில் லீவரைக் கையை விட்டால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை மூன்று-நான்கு தடத்துக்குத் தானாகக் கொண்டுவந்துவிடும். இடப்பக்கத் தடத்துக்குச் சிலிண்டரின் ஒரு பக்கம் காற்று, வலப்பக்கத் தடத்துக்கு மறுபக்கம் காற்று, நடுத் தடத்துக்குக் காற்றை வெளியே விட்டால் சரி.

வால்வு வாங்கும்போது 5/3 வகை (ஐந்து துளை, மூன்று நிலை), நடு நிலையில் காற்றை வெளியேற்றுவது என்று சொல்லிக் கேளுங்கள். கரண்ட் போனாலும் ஃபியூஸ் போனாலும் சிலிண்டருக்குள் காற்று இருக்காது, கையால் கியர் போட்டு வண்டியை ஓரங்கட்டலாம். நடு நிலையில் காற்றை அடைத்து வைக்கும் வகையும் அதே விலையில் பக்கத்திலேயே இருக்கும். அதை வாங்கினால் கோளாறு வரும்போது கியர் பூட்டிக்கொள்ளும். இன்னொன்று, மில் சாமான் கடைகளில் அதிகம் இருப்பது 24 வோல்ட், 230 வோல்ட் காயில்கள். லாரி சாமானும் 24 வோல்ட். காருக்கு 12 வோல்ட் டி.சி. என்று காயிலின் மேல் எழுதியிருப்பதைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள்.

கியர் விழுந்தது உறுதியானதும் காற்றை விட்டுவிட வேண்டும். சிலிண்டர் தொடர்ந்து தள்ளிக்கொண்டே இருந்தால் ஃபோர்க் தேயும். விழுந்த கியரை அதே இடத்தில் பிடித்துவைக்கக் கியர்பாக்ஸுக்குள்ளேயே ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கின்றன.

பிராக்கெட்

பட்டறையில் பேசும்போது விசையைச் சொல்லிப் பேசுங்கள்.

"ஏனுங்ண்ணா, இதுக்கு மூணு எம்.எம். தகடு போதுமுங்களா?"

"எத்தனை கிலோ இழுக்குது தம்பி?"

"முப்பது கிலோங்ண்ணா. ஓடுறப்ப விட்டு விட்டு அடிச்சுட்டே இருக்கும்."

"அப்ப அஞ்சு எம்.எம். போட்டு, மூலைக்கு ஒரு முட்டுக் குடுத்தரலாமுங்க. மூணுன்னா நாலு நாள்ல வளைஞ்சுக்கும்."

அவர் சொல்வது சரி. பிராக்கெட் ஒரு மில்லிமீட்டர் வளைந்தால் கியர் அரைகுறையாக விழும், அரைகுறையாக விழுந்த கியர் துள்ளி வெளியே வரும். பிராக்கெட்டை கியர்பாக்ஸ் உடம்பிலேயே மாட்டுங்கள். பாடியில் மாட்டினால், இன்ஜின் தன் ரப்பர் மவுண்டில் ஆடும்போதெல்லாம் அளவு மாறும். கேபிள் முனைக்கு ரோஸ் ஜாயின்ட்டும் (எந்தப் பக்கமும் சாயும் குண்டு மூட்டு), எல்லா இடத்திலும் லாக் நட்டும் போடுங்கள். பழைய லீவரைக் கழற்றி வீச வேண்டாம். ஒரு பின்னை உருவினால் சிலிண்டர் விலகி லீவர் பழையபடி வேலை செய்ய வேண்டும்.

கிளச் காலிலேயே இருக்கட்டும்

கிளச்சையும் மோட்டார் வைத்துத் தானியங்கி ஆக்க ஆசை வரும். முதல் வண்டியில் வேண்டவே வேண்டாம். கியரைப் போடுவது இரண்டு மூன்று இடங்களுக்கு நடுவே நகர்த்தும் வேலை. கிளச்சை விடுவது மேட்டிலும் சமதளத்திலும் சூட்டிலும் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு புள்ளியை உணர்ந்து விடும் வேலை. பெரிய கம்பெனிகள் வருடக்கணக்கில் உழைத்தும் ஏ.எம்.டி. வண்டிகள் குலுங்குவது இதனால்தான்.

கிளச் இல்லாமல் கியரை மட்டும் தட்டிவிடுவதும் ஆகாது. ரேஸ் கியர்பாக்ஸில் பல் அமைப்பே வேறு. அதில் இன்ஜினின் இழுவையை ஒரு கணம் வெட்டிவிட்டுக் கியரைத் தள்ளலாம். நம் வண்டியில் பித்தளை சிங்க்ரோ ரிங் இரண்டு வேகத்தையும் உரசிச் சமமாக்கிய பிறகுதான் கியர் விழும். அந்த ரிங்குக்கு கிளச் முழுக்க விலகியிருக்க வேண்டும், கொஞ்சம் அவகாசமும் வேண்டும். காற்றை ஒரே அடியாக அடிக்காமல், சிலிண்டர் வாயில் வேகக் கட்டுப்பாட்டு வால்வு வைத்து மெதுவாக்குங்கள்.

கிளச் மிதி அடியைத் தொடும் இடத்தில் ஒரு சுவிட்ச் வையுங்கள். மிதி முழுக்க அழுந்தினால் மட்டும் பேடில் வேலை செய்யும். டேஷ்போர்டில் ஒரு பச்சை விளக்கு, கியர் விழுந்ததும் எரியும். அது எரிந்த பிறகு காலை எடுக்கலாம்.

1989-இல் ஃபெராரி 640 கார்தான் ஃபார்முலா ஒன்னுக்கு முதன்முதலாக பேடிலைக் கொண்டுவந்தது. ஜான் பர்னார்ட் வடிவமைத்தது. சோதனை ஓட்டங்களில் திரும்பத் திரும்பப் பழுதானது, ஆனால் முதல் பந்தயத்திலேயே பிரேசிலில் நைஜல் மான்செல் அதில் ஜெயித்தார். அந்தக் காரிலும் புறப்படுவதற்குக் கிளச் மிதி இருந்தது. கோவைக்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டன் அணிக்கு ஓட்டியபோது, பேடில் எல்லா அணிக்கும் சாதாரண விஷயமாகிவிட்டது.

ஸ்டீயரிங் பக்கம்

ஏர்பேக் உள்ள ஸ்டீயரிங்கில் துளை போடுவதும் ஏர்பேக்கைக் கழற்றுவதும் கூடாது. பேடிலை ஸ்டீயரிங் வளையத்தில் மாட்டாமல், அதன் தண்டைச் சுற்றியுள்ள கூட்டுக்குப் பின்னால் அசையாத பிராக்கெட்டில் மாட்டுங்கள். ஸ்டீயரிங் திரும்பும், பேடில் அதே இடத்தில் நிற்கும். சுற்றும் வயர் பிரச்சினையும் இல்லை, பேட்டரி தீரும் வயர்லெஸ் பிரச்சினையும் இல்லை. மூன்று மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை லேசர் கட்டிங்கில் வெட்டி, ஓரங்களை அரத்தால் மழுக்கிவிடுங்கள். இண்டிகேட்டர் லீவரில் விரல் படாத அளவு இடைவெளி பாருங்கள். அழுத்தும்போது "டிக்" என்று விரலுக்குத் தெரியும் மைக்ரோ சுவிட்ச் நல்லது.

வேலைக்கு முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, வண்டிக் கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். மஞ்சள் நிற கனெக்டர் பெரும்பாலும் ஏர்பேக்குக்குரியது. அதில் மீட்டர் வைத்துப் பார்க்கவே கூடாது, அந்தச் சிறு கரண்டுக்கே ஏர்பேக் வெடிக்கக்கூடும்.

மூளை

கட்டுப்பாட்டுக்கு, புரோகிராம் போட்டு இயக்கும் சிறிய போர்டான ஆர்டுயினோ ஒன்று போதும். உங்களுக்கு வராது என்றால் இன்ஜினியரிங் காலேஜில் படிக்கும் பையனையோ பெண்ணையோ துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆர்வமாக வருவார்கள். ஆர்டுயினோ நான்கு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்: எந்தக் கியரில் இருக்கிறது, கிளச் மிதித்திருக்கிறதா, வண்டி என்ன வேகம், இன்ஜின் என்ன சுற்று. கியர் நிலையை இரண்டு கேபிளிலும் வைத்த சென்சாரிலிருந்து எடுங்கள். பேடிலை எத்தனை தடவை அழுத்தினோம் என்று எண்ணி யூகிக்கும் புரோகிராம் ஒரு நாள் தப்பாக எண்ணும்.

கீழ் கியருக்கு இறக்கும்போது, அந்த வேகத்தில் அந்தக் கியர் இன்ஜினை எத்தனை சுற்றுக்குக் கொண்டுபோகும் என்று கணக்கிட்டு, எல்லை தாண்டினால் மறுக்க வேண்டும். ரிவர்ஸ் பேடிலில் வரவே கூடாது. வண்டி நின்று, பிரேக் மிதித்து, தனிப் பட்டனை அழுத்தினால் மட்டும் விழட்டும்.

வயரிங்கில் மூன்றே விஷயம். ஒவ்வொரு சோலினாய்டு காயிலுக்கும் குறுக்கே ஒரு டயோடு, இல்லாவிட்டால் காயில் விடும்போது வரும் அடி போர்டைக் கொல்லும். டேங்கில் காற்றை நிரப்பும் கம்ப்ரஸருக்குத் தனி ஃபியூஸும் ரிலேயும். ஆர்டுயினோவுக்குப் பேட்டரியிலிருந்து நேரடி இணைப்பு வேண்டாம், இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தாண்டும், நடுவில் வோல்டேஜைக் குறைக்கும் நல்ல கன்வெர்ட்டர் வையுங்கள்.

காற்றுக்கு 2 லிட்டர் டேங்க் ஆரம்பத்துக்குப் போதும். 25 துளை, 15 நீளச் சிலிண்டருக்கு, 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்குவதற்குள் சுமார் 75 தள்ளு கிடைக்கும். கியருக்கு மூன்று தள்ளு, டியூபில் போவது கொஞ்சம் என்று வைத்தால், கம்ப்ரஸர் ஓடாமலே 15 முதல் 20 கியர் மாற்றலாம். டேங்கில் பாதுகாப்பு வால்வு கட்டாயம்.

சோதனை

முன்சக்கரங்களைத் தூக்கி உறுதியான ஸ்டாண்டில் நிறுத்துங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. இன்ஜினை அணைத்து, 3 பாரில் தொடங்குங்கள். சில கியர் விழாது. பல்லும் பல்லும் முட்டி நிற்கும், கோளாறு இல்லை. ஒருவர் சக்கரத்தைக் கையால் லேசாகச் சுற்றினால் விழுந்துவிடும். ஒன்றிலிருந்து ஐந்து வரை ஏற்றி இறக்கி, விழாத இடத்தில் அழுத்தத்தைக் கால் பார் கால் பாராகக் கூட்டுங்கள். எல்லாக் கியரும் விழும் குறைந்தபட்ச அழுத்தம்தான் உங்கள் அழுத்தம்.

பிறகு வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள். கியர் நகரும் நடுவில் ஃபியூஸை உருவுங்கள். ஒரு டியூபைக் கழற்றுங்கள். சென்சார் வயரைப் பிடுங்குங்கள். இரண்டு பேடிலையும் சேர்த்து அழுத்துங்கள். ஒவ்வொரு தடவையும் கியர் மாறாமல் நிற்க வேண்டும், கையால் லீவர் நகர வேண்டும். இதில் தேறாத வண்டியைத் தரையில் இறக்காதீர்கள்.

அடுத்து ஸ்டாண்டில் இருக்கும்போதே இன்ஜினை ஐடிலில் ஓட்டி அதே வரிசை. கரகரவென்று சத்தம் வந்தால் கிளச் சுவிட்ச் மேலே இருக்கிறது என்று பொருள், கீழே இறக்குங்கள். அதற்கப்புறம் களத்தில் முதல் இரண்டு கியர், பிறகு டிராக். கரி டிராக் சுமார் 2.1 கிலோமீட்டர்தான், வளைவு நிறைய, சுற்றுக்குப் பல தடவை கியர் மாற்ற வேண்டிவரும், சோதனைக்கு ஏற்ற இடம். கூட ஒருவரை உட்காரவைத்து, எந்தக் கியர் தாமதமாக விழுகிறது என்று எழுதச் சொல்லுங்கள். வண்டி சூடானதும் மறுபடி பாருங்கள், எண்ணெய் இளகியதும் விசை குறைந்து கியர் வேகமாக விழும். அப்போது ரெகுலேட்டரைக் கொஞ்சம் இறக்கலாம்.

முதல் டிராக் நாள் முடிந்ததும் பிராக்கெட் போல்ட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சில் பார்த்து, பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். அடுத்த முறை கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்திருக்கிறது. காற்றில் உள்ள ஈரம் டேங்கின் அடியில் தண்ணீராகச் சேரும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் அதிகம். ஒவ்வொரு முறை ஓட்டி முடித்ததும் அடி வால்வைத் திறந்து வடித்துவிடுங்கள். அந்தத் தண்ணீர் வால்வுக்குள் போனால் துருவும் பிசினும் சேர்ந்து அடைத்துக்கொள்ளும், வால்வைத்தான் மாற்ற வேண்டிவரும்.